நான் கிள்ளானில், என் நம்பர் திருச்சியில்

கோலாலம்பூரில் விமானம் தரை தொட்டதும் எல்லோரும் போனை எடுத்து ஏரோபிளேன் மோடை நீக்கினார்கள். நான் மட்டும் நீக்கவில்லை. பக்கத்து சீட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்து, "இறங்கியாச்சும்மா, இனிமே எடுத்துடலாம்" என்றார். "தெரியும் சார், நான் கணக்கு டீச்சர்" என்றேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கே தெரியவில்லை. அறுபது வயதில் முதல் வெளிநாட்டுப் பயணம், அதுவும் தன்னந்தனியாக. வாய் என் பேச்சைக் கேட்கிற நிலையில் இல்லை.

அந்த மோடை நீக்காததற்குக் காரணம் என் சின்னமகள் நித்யா. கிளம்புவதற்கு முந்தின நாள் என் போனை வாங்கி எங்கேயோ நோண்டி, 'வைஃபை காலிங்' என்று இருந்ததை ஆன் செய்தாள். "அம்மா, அந்த ஊர்ல போய் இந்த ஏரோபிளேனை எடுக்கவே எடுக்காதே. வைஃபை மட்டும் போடு. உன் போன் தான் இன்னும் திருச்சியில இருக்கறதாவே நினைச்சுக்கும். வர்ற போனெல்லாம் வரும், ஓ.டி.பி.யும் வரும். ரோமிங் கீமிங் ஒண்ணும் கிடையாது. ஆனா வைஃபை இல்லாத இடத்துல அது வெறும் டப்பா" என்றாள். மாமனுக்குப் போட ஐ.எஸ்.டி. பேக் ஒன்றும் சேர்த்துப் போட்டுக் கொடுத்தாள்.

மாமன் என்றால் என் தம்பி முத்துக்குமார். கோலாலம்பூருக்குப் பக்கத்து ஊரான கிள்ளானில் இருக்கிறான். இருபத்தைந்து வயதில் சித்தப்பா கடைக்கு வேலைக்கு வந்தவன், இந்த ஊர்ப் பெண்ணையே கட்டி, இப்போது மூன்று லாரி, இவர்கள் சொல்வதுபோல் லோரி, வைத்து ஓட்டுகிறான். அவனை நித்யா கல்யாணத்துக்கு நேரில் அழைக்கத்தான் நான் வந்தேன்.

நேரில் என்பதுதான் விஷயம். பத்து வருஷத்துக்கு முன்னால் மூத்தவள் கல்யாணத்துக்கு ஊரெல்லாம் வெற்றிலை பாக்கு வைத்து வீடு வீடாக ஏறி இறங்கினேன். கூடப்பிறந்தவனுக்கு மட்டும் போனில் சொன்னேன். ஐ.எஸ்.டி. ஓடுகிறதே என்ற பதற்றத்தில் தேதி, மண்டபம், "வந்துடு" என்று தந்தி வாசிப்பதுபோல் வாசித்து வைத்துவிட்டேன். அவன் வரவில்லை. தாய்மாமன் போட வேண்டிய மாலையை ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் போட்டான். ஆல்பத்தில் அந்தப் பக்கத்தை நான் வேகமாகப் புரட்டிவிடுவேன். அதன் பிறகு முத்து தீபாவளிக்குப் பேசுவான், பொங்கலுக்குப் பேசுவான், கல்யாணம் என்ற வார்த்தை வந்தால் மட்டும் "லைன் சரியில்ல" என்று வைத்துவிடுவான். நித்யா மணவறைக்கும் அந்த ஒன்றுவிட்டவன்தான் வந்து நிற்பான் என்றால், என்னால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது.

வருகிறேன் என்று அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் "வராதே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவான். எவர்சில்வர் தட்டு, குங்குமம், பத்திரிகை எல்லாம் பெட்டியில். திடுதிப்பென்று வாசலில் போய் நிற்பது என்பது திட்டம்.

முதல் நாள் கோலாலம்பூரிலேயே, பிரிக்பீல்ட்ஸில் ஒரு புடவைக் கடை மாடியில் இருந்த சின்ன ஹோட்டலில் அறை. வைஃபை கடவுச்சொல்லைப் போட்டேன். திரையின் மேல் மூலையில் எங்கள் ஊர்ப் போன் கம்பெனி பேர் பழையபடி முளைத்தது, பக்கத்தில் 'வைஃபை' என்ற எழுத்துடன். ஐயோ, எனக்கு வந்த குஷியைப் பார்க்கணுமே! உடனே வீட்டுக்காரருக்குப் போட்டேன்.

"எங்கே இருக்கே?" என்றார்.

"மலேசியாவுலதான்."

"அது தெரியும். பக்கத்து ரூம்லேர்ந்து பேசற மாதிரி கேக்குதே. நெஜமாவே கிளம்பினியா?"

முப்பத்தைந்து வருஷத் தாம்பத்தியத்தில் அவர் என்னை இவ்வளவு தெளிவாகக் கேட்டதே இல்லை.

இரண்டாம் நாள் காலையிலிருந்து கல்யாண வேலை முழுவதையும் பிரிக்பீல்ட்ஸிலிருந்தே நடத்தினேன். மண்டபத்து மேனேஜர், பூக்காரர், மேளக்காரர், ஒருவருக்கும் நான் ஊரில் இல்லை என்று தெரியாது. மதியம் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தேன். இலையில் சோறு, மூன்று காய், கேட்காமலே மலைபோல் அப்பளம். பாகற்காயை வறுத்து வைத்திருந்தார்கள், அப்படி ஒரு மொறுமொறுப்பு, கசப்பு எங்கே போனது என்று தேட வேண்டியிருந்தது. ரசத்தில் கை வைத்த நேரம் போன் அடித்தது.

"சிலிண்டர்காரர் வாசல்ல நிக்கறார். நம்பர் கேக்கறார்" என்றார் வீட்டுக்காரர்.

இடது கையால் தடவி மெசேஜைப் பார்த்து நம்பரைச் சொன்னேன். திருச்சியில் சிலிண்டர் இறங்கியது, பிரிக்பீல்ட்ஸில் எனக்கு மோர் வந்தது. அடுத்த நிமிஷம் சமையல்காரர். "அம்மா, சாயங்காலம் வந்து பாத்திரத்தைப் பாத்துட்டுப் போயிடறீங்களா?" "ஆகட்டும், அஞ்சு மணிக்கு வரேன்" என்று சொல்லிவிட்டேன். பழக்க தோஷம். பரிமாறிக்கொண்டிருந்த பெண்மணி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"எங்க ஆன்டி, அஞ்சு மணிக்கு?"

"திருச்சிக்கு" என்றேன். அவர் இன்னொரு அப்பளம் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

அந்த மிதப்பில்தான் தம்பிக்குப் போட்டேன். என்னிடம் இருந்தது ஆறேழு வருஷத்துப் பழைய விலாசம். அது சரிதானா என்று நைசாகக் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

"தம்பி, நித்யாவுக்கு நல்லபடியா முடிவாயிருக்கு. உன் விலாசம் அதேதானா?"

"போன தடவ போனு. இந்தத் தடவ தபாலா?" என்றான். வைத்துவிட்டான்.

எனக்குச் சுரீர் என்றது. இவன் விலாசம் தராமல் நான் வாசலில் நிற்க முடியாது. வாசலில் நிற்கப் போகிறேன் என்று சொல்லாமல் இவன் விலாசம் தரமாட்டான். அவன் பெண்டாட்டி லெட்சுமியைக் கேட்கலாம் என்றால் அவள் நம்பர் என்னிடம் இல்லை. இத்தனை வருஷத்தில் நான் கேட்டு வாங்கவே இல்லை, அது என் தப்புதான். சாயங்கால மழைக்கு அறையில் ஒதுங்கி, மானம் போனால் போகிறது என்று உண்மையைச் சொல்லிவிட முடிவு செய்தேன்.

"முத்து, நான் மலேசியாவுலதான் இருக்கேன். பிரிக்பீல்ட்ஸ்ல."

சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை. "அக்கா, ஒன் நம்பரு இந்தியா நம்பரு. என் டிரைவரு தாய்லாந்து பார்டர் தாண்டினாலே லைன்ல எனக்குத் தெரிஞ்சிரும். நீ வீட்டுக் கட்டில்ல உக்காந்துகிட்டுப் பேசற மாதிரி அவ்ளோ கிளியரா கேக்குது. போன்ல கூப்புடறதுதான் கூப்புடற, நேர்ல வந்தேன்னு பொய் வேறயா?"

"வைஃபைடா! வைஃபையில பேசினா நம்பர் அப்படித்தான் போகும்!"

"என்ன பையோ. இந்த மாதிரி பேசாத அக்கா, மனசு கஷ்டமா இருக்கு."

அவன் கையில் இருப்பது பட்டன் போன். படம் அனுப்ப முடியாது, முகம் காட்டிப் பேச முடியாது. ஹோட்டல் வரவேற்பில் கெஞ்சி அவர்கள் போனிலிருந்து அடித்தேன். எடுக்கவில்லை. "தெரியாத நம்பர்னா இங்க யாரும் எடுக்க மாட்டாங்க ஆன்டி, மோசடிக் கும்பல் பயம்" என்றார் அங்கே இருந்த பெண். ஆக, தெரிந்த நம்பரில் பேசினால் பொய்க்காரி, தெரியாத நம்பரில் பேசினால் மோசடிக்காரி. மகள் போட்டுக் கொடுத்த வசதி என் தலையிலேயே வந்து விழுந்தது. அன்றைக்குச் சரியாகத் தூங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை பூக்கடையில் வெற்றிலை வாங்கி, ஈரத்துணியில் சுற்றி, தட்டோடு பையில் வைத்து, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கே.எல். சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு நடந்தேன். விலாசம் சரியோ தப்போ, போய்ப் பார்த்துவிடுவது. கிள்ளானுக்குக் கொமுட்டர் ரயில். பெண்களுக்கென்று தனிப் பெட்டி, தெரியாமல் ஏறிய ஒருவரை நாலு பெண்கள் கண்ணாலேயே அடுத்த பெட்டிக்கு அனுப்பினார்கள். எங்கள் ஊர் பஸ்ஸில் இந்த வேலைக்குக் குடை தேவைப்படும். ஏசி என்றால் ஏசி, மார்கழிக் குளிர். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஸ்டேஷன்களை எண்ணினேன். அரை மணி கழித்துத் தொழிற்சாலைச் சீருடையில் எதிரே இருந்த ஒரு பெண், "எங்க ஆன்டி போறீங்க, பட்டெல்லாம் கட்டிகிட்டு?" என்றாள்.

"கிள்ளானுக்கு, தம்பி வீட்டுக்கு."

"ஐயோ, இது அந்தப் பக்கம் போகாது லா! சுங்கை பூலோ வரப்போகுது. நேர் எதிர்ல ஏறிட்டீங்க."

கணக்கு டீச்சருக்குத் திசை தெரியவில்லை. அவள் பெயர் கோமதி. ராத்திரி ஷிப்ட் முடித்து சுங்கை பூலோ வீட்டுக்குப் போகிறவள், என்னையும் கூடவே இறக்கிவிட்டாள். "பசியாறிட்டீங்களா?" என்றாள். இங்கே காலைப் பலகாரம் சாப்பிட்டாயா என்று யாரும் கேட்பதில்லை, பசியாறினாயா என்றுதான் கேட்கிறார்கள். இல்லை என்றேன். தேங்காய்ப்பால் சோறும் சம்பலும் நெத்திலியும் வைத்து மடித்த ஒரு பொட்டலம் வாங்கி வந்து கையில் வைத்தாள். நெத்திலியை அவளிடமே கொடுத்துவிட்டுச் சோற்றை அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து காலி செய்தேன். காரம் கண்ணில் நீர் வரவழைத்தது. அவளிடம் என் கதையை முழுக்கச் சொன்னேன்.

"உங்க தம்பி பண்றது சரிதான் ஆன்டி" என்றாள். "எங்க மாமாவும் இப்படித்தான். கார்டை வாட்ஸ்அப்ல அனுப்புனதுக்கு, மொய்யையும் வாட்ஸ்அப்ல அனுப்பறேன்னு சொல்லிட்டாரு." சரியான ரயிலில் என்னை ஏற்றி, கதவு மூடும் வரை நின்று கையாட்டினாள்.

ரயில் வந்த வழியே திரும்பி, சென்ட்ரலைத் தாண்டி, ஷா ஆலத்தில் கொஞ்சப் பேரை இறக்கிவிட்டுக் கிள்ளானுக்குப் போய்ச் சேர்வதற்குள் நடுவில் எங்கேயோ அரை மணி நின்றும் விட்டது. காரணம் மலாயில் சொன்னார்கள், எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள், நானும் விட்டேன். கிள்ளானில் லிட்டில் இந்தியாவைக் கண்டதும் எனக்குக் கால் நகரவில்லை. முறுக்கு, மல்லிகை, பாத்திரக் கடை, பாட்டுச் சத்தம், அசல் எங்கள் திருச்சிச் சின்னக்கடைத் தெரு. சாப்பிட்டு, இரண்டு மழைக்கு ஒதுங்கி, டாக்சி பிடித்தபோது மணி நாலு. ஓட்டியவர் ஒரு சீனப் பெரியவர். விலாசத்தைப் பார்த்து ஒரு தாமானுக்குள், அதாவது வரிசை வீடுகள் இருக்கும் குடியிருப்புக்குள் கொண்டுபோய் நிறுத்தினார்.

தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் எடுத்து வைத்து, குங்குமத்தைச் சரி செய்து, மணியை அழுத்தினேன். கதவைத் திறந்தவர் ஒரு மலாய்க்கார அம்மா.

தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பழத்தில் ஒன்றை எடுத்துக்கொள்ளவா என்பதுபோல் சிரித்தார். டாக்சிக்காரர் இறங்கி வந்து மலாயில் கேட்டுச் சொன்னார். முத்து இந்த வீட்டை விற்று மாறிப்போய் நாலு வருஷம் ஆகிறது. எங்கே என்று கேட்டதற்கு அந்த அம்மா கையைப் பொதுவாக வானத்துப் பக்கம் வீசினார். டாக்சியும் போய்விட்டது. தட்டோடு நடுத்தெருவில் நின்றேன். மறுநாள் காலை எனக்கு விமானம்.

மூலையில் ஒரு சாப்பாட்டுக் கடை தெரிந்தது. சுவரில் வைஃபை கடவுச்சொல் ஒட்டியிருந்தது. நுரை பொங்க ஆற்றிய டீ, இங்கே அதற்குப் பேர் தே தாரிக், ஒன்று சொல்லிவிட்டு, தட்டை மேசையில் வைத்து, கடைசித் தடவையாகப் போட்டேன்.

"என்னா?" என்றான்.

"தம்பி, வெச்சிராதே. சத்தியமா கிள்ளான்லதான் இருக்கேன். உன் பழைய வீட்டு மூலையில சாப்பாட்டுக் கடையில உக்காந்திருக்கேன்."

"சாப்பாட்டுக் கடை எந்த ஊர்ல இல்ல?"

"பழைய வீட்டு கேட் பச்சை கலர். வாசல்ல ரம்புத்தான் மரம்."

"நான்தான் ஒனக்கு போட்டோ அனுப்பினேன், அப்போ, தபால்ல. அக்கா, போதும். புள்ள நல்லா இருக்கட்டும். நான் வெக்கறேன்."

"முத்து..."

அப்போது ரோட்டில் ஒரு ஹாரன். பாம் பாம் என்று சும்மா இல்லை, பாட்டுப்போல இழுத்து இழுத்து ஒரு ஹாரன். மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டி, சுற்றிலும் ரொட்டிப் பாக்கெட்டும் தின்பண்டமும் தோரணமாகத் தொங்கவிட்டு ஒருவர் வந்து கடை ஓரம் நிறுத்தினார். சாயங்காலத்தில் தெருத்தெருவாக வருகிற ரொட்டிக்காரர்.

வைத்துவிட்டான் என்றே நினைத்தேன்.

"அக்கா" என்றான். குரல் மாறியிருந்தது. "அது என்னா சத்தம்?"

"ரொட்டி விக்கறவர்டா. ஹாரன் அடிக்கறார்."

"இன்னொரு தரம் அடிக்கச் சொல்லு."

தே தாரிக்கைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து ஓடினேன். "அண்ணே! அண்ணே! ஒரு தரம் அடிங்க!" அவர் பயந்துபோய் அடித்தார்.

"ரெண்டு தரம்" என்றான் முத்து.

"அண்ணே, ரெண்டு!" பாம், பாம்.

"மூணு!"

"மூணு அண்ணே, மூணு!" கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். ரொட்டிக்காரர் எனக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டிய முகத்தோடு மூன்று தரம் அடித்தார்.

"எனக்கும் கேக்குது" என்றான் என் தம்பி. "போன்லயும் கேக்குது, ஜன்னல்லயும் கேக்குது. அக்கா, நீ நெஜமாவே... எங்க பின்னால லோரோங்குல, பின் சந்துலதான் அந்த ஆளு..." நான் இன்னும் நாலடி எடுத்து வைத்தேன். வைஃபை எட்டவில்லை. போன் டப்பாவானது. "முத்து! முத்து!" என்று அதைப் பார்த்துக் கத்தினேன்.

"யாரு அக்கா? முத்து பாஸா?" என்றார் ரொட்டிக்காரர். "லோரி வச்சிருக்காரே? தெனம் காயா ரொட்டி ரெண்டு வாங்குவாரு. ரெண்டு லோரோங் தள்ளித்தான் வீடு. நான் மெதுவா போறேன், பின்னாலயே வாங்க." மேசையில் காசை வைத்துவிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

அறுபது வயதுப் பட்டுப்புடவைக்காரி, கையில் வெற்றிலைத் தட்டு, முன்னால் ஹாரன் அடித்துக்கொண்டே ஊர்கிற ரொட்டி வண்டி. கேட்டுக் கேட்டாக ஆட்கள் வந்து பார்த்தார்கள். சாமி ஊர்வலம் என்று நினைத்து ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை, மூச்சும் வாங்கியது, வெற்றிலை இரண்டு பறந்தே போயிற்று.

இரண்டாவது முனையில் எதிரே ஒருவன் கைலியும் பனியனுமாக, ஒரு காலில் மட்டும் செருப்போடு, ஓடி வந்துகொண்டிருந்தான். தலை பாதி நரைத்திருந்தது. என் முன்னால் வந்து நின்றான். நான் தட்டை நீட்டினேன்.

"ரோட்டுல வச்சா?" என்றான். "ரோட்டுல வச்சு அழைச்சா அது அழைப்பா? வீட்டுக்கு வா."

அட பாவி! கடல் தாண்டி வந்து நிற்கிறேன், இன்னும் சட்டம் பேசுகிறான். அங்கேயே அவன் முதுகில் இரண்டு போட்டேன். அப்புறம் இரண்டு பேரும் அழுதோம்.

வீட்டில் லெட்சுமி என்னைக் கட்டிக்கொண்டு, "வாங்க அண்ணி, பசியாறுங்க" என்று ஓடினாள். முத்து உள்ளே போய்விட்டான். கால் மணி நேரம் ஆளைக் காணோம். வந்தபோது முகம் கழுவி, விபூதி பூசி, வேட்டியும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையுமாக இருந்தான். லெட்சுமியைப் பக்கத்தில் நிற்க வைத்தான். ரொட்டிக்காரர் இன்னும் போகாமல் கேட் ஓரம் நின்று பார்த்தார்.

"நித்யாவுக்குக் கல்யாணம் வெச்சிருக்கேன். நீங்க ரெண்டு பேரும் புள்ளைங்களோட நாலு நாள் முன்னாடியே வந்து, மாமனா நின்னு நடத்திக் குடுக்கணும்" என்றேன். நூறு வீட்டில் சொன்ன வாக்கியம்தான். இங்கே அது பாதியில் உடைந்துவிட்டது.

இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டான். "அப்ப நீ போன் பண்ணினப்போ நான் எந்த மண்டபம்னு திருப்பிக் கேட்டேன் அக்கா. ஒனக்குக் கேக்கல. நீ வெச்சுட்ட. திரும்பப் போடுவேன்னு ராத்திரி முச்சூடும் போனைக் கையிலயே வச்சிருந்தேன்."

"தப்புதாண்டா" என்றேன். பத்து வருஷமாகச் சொல்ல வேண்டியது அது ஒன்றுதான்.

அவன் உள்ளே போய் அலமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தான். அரக்குப் பட்டுப்புடவை, மடிப்புக் கலையாமல், நாப்தலின் வாசனையோடு.

"இது பெரியவளுக்கு அப்பவே எடுத்தது. டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே எடுத்துட்டேன்" என்றான்.

நான் கை நீட்டினேன். அவன் பெட்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"ஒங்கிட்ட எதுக்கு? அவகிட்ட நானே கையில குடுத்துக்கறேன். எந்திரி, சின்னவளுக்கு இனிமேதான் எடுக்கணும். ஏழு மணிக்கு மேல போனா கடைக்காரன் நல்ல கலரெல்லாம் மடிச்சு உள்ள வச்சிருவான்."